60,000 ரூபாயில் வீட்டுக்கான மின்சாரமும் வெப்பமும்: எதை முதலில் செய்வது?

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழனிக்கு அருகே தளம் போட்ட சிறிய வீடு, நான்கு பேர் கொண்ட குடும்பம், கொட்டிலில் இரண்டு கறவை மாடுகள், கொல்லையில் பத்துப் பன்னிரண்டு தென்னை. இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் மின்சாரம் ஓடுகிறது. சமையலுக்கு 40 நாளுக்கு ஒரு சிலிண்டர் ஆகிறது. கையில் இருப்பது 60,000 ரூபாய். இதை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, 3 கிலோவாட் சோலாரும் பேட்டரியும் வைத்து மின்வாரியத் தொடர்பே வேண்டாம் என்று இருந்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

இருந்துவிடலாம்தான், ஆனால் அந்தப் பணத்துக்கு அதைவிட மோசமான செலவு வேறு இல்லை. உங்கள் வீட்டுக்குத் தேவைப்படுவது ஒரு பொருள் அன்று, இரண்டு: மின்சாரம் ஒன்று, வெப்பம் ஒன்று. இரண்டையும் மின்சாரமாகவே உற்பத்தி செய்ய நினைப்பதால்தான் மதிப்பீட்டுத் தொகை இரண்டு மூன்று லட்சத்துக்குப் போகிறது. வெப்பத்தை வெப்பமாகவே பெற்றுக்கொண்டால் மின்சாரத்தின் தேவை பாதிக்குப் பக்கமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு எத்தனை கிலோவாட் சோலார் வேண்டும் என்ற கேள்விக்கு வேறு விடை கிடைக்கிறது.

வெப்பம் எவ்வளவு பெரிய செலவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் அடங்கியிருக்கும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒன்றரைச் சிலிண்டர் ஆகிறது என்றால் 270 யூனிட் அளவு வெப்பம் அடுப்பில் மட்டும் செலவாகிறது. குளியலுக்கு ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 0.3 யூனிட் வேண்டும். நான்கு பேருக்கு 1.2 யூனிட், கீசரின் தொட்டி சும்மா இருக்கும்போது இழக்கும் சூட்டையும் சேர்த்தால் நாளுக்கு 1.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு அது நூறு யூனிட்டைத் தொடுகிறது. ஆகவே 540 என்று அட்டையில் எழுதியிருப்பதில் 100 யூனிட் வெந்நீர்தான்.

அடுத்து மின்கட்டணத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் லாபமும் நட்டமும் அங்கேதான் முடிவாகின்றன. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016 முதல் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த வீதத்தை வைத்துக் கணக்கிடுகிறேன். உங்கள் ரசீதில் உள்ள வீதத்தைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். அந்த வீதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 என்ற படியே மறைந்துபோய், 101-லிருந்தே 4.50 ஆகிவிடுகிறது; 500-க்கு மேல் ஓடியதற்கு 8 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. இதன்படி 540 யூனிட்டுக்கு 2,270 ரூபாய் வரும். அதுவே 490 யூனிட்டாக இருந்தால் 1,665 ரூபாய்தான். 50 யூனிட்டைக் குறைத்ததற்கு 605 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். இந்த 50 யூனிட்டைக் குறைக்கச் சோலார் தேவையே இல்லை.

மின்விசிறிகளை மாற்றினால் போதும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. வகை (தூரிகையில்லா மோட்டார் கொண்ட புதிய மின்விசிறி) முழு வேகத்தில் 28 முதல் 35 வாட்டுக்குள் நிற்கிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடுகிற மூன்று மின்விசிறிகளை மாற்றினால் இரு மாதத்துக்கு 97 யூனிட் குறையும். 540 என்பது 443 ஆகும். கட்டணம் 2,270-லிருந்து 1,383-க்கு இறங்கும். ஆண்டுக்கு 5,300 ரூபாய் மிச்சம், முதலீடு சுமார் 9,000 ரூபாய். வேறு எந்தக் கருவியும் இவ்வளவு விரைவில் போட்ட பணத்தைத் திருப்பித் தருவதை நான் பார்த்ததில்லை. மின்சாரத்தைத் தயாரிக்க வழி கேட்டால் விசிறியைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். செலவழிக்காத யூனிட்டும் கூரையில் விளைந்த யூனிட்டும் மீட்டருக்கு ஒன்றுதான்.

இனி வெந்நீர். சூரிய வெந்நீர்க் கலன் நல்ல பொருள். சோலார் பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது என்றால் இது பாதிக்கு மேல் வெப்பமாகப் பிடித்துவைக்கிறது. கண்ணாடிக் குழாய் வகையில் 100 லிட்டர் கலன் 20,000 ரூபாயை ஒட்டி வருகிறது. ஆனால் உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை நினைத்துப் பாருங்கள். குழாய்க்குள்ளேயே நீர் சூடாகி மேலேறும் அமைப்பு இது என்பதால், உப்புப் படிவு முழுவதும் குழாயின் அடியில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் குழாயைக் கழற்றினால் பாதியளவு சுண்ணாம்புத் தூளாகக் கொட்டும். மென்னீராக்கும் கருவி வைத்தால் அதற்குத் தனிச் செலவு. உங்களிடம் தென்னை இருக்கும்போது இந்தச் சிக்கலுக்குள் போக வேண்டியதே இல்லை.

கொங்குப் பக்கத்து வீடுகளின் புறக்கடையில் நிற்கும் விறகு பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் புகைக்குழாய், அதைச் சுற்றி நீர், கீழே ஒரு சிறிய தீவாய். உலர்ந்த மட்டையின் அடிப்பகுதி இரண்டு, பாளை ஒன்று, மேலே நாலைந்து கொட்டாங்குச்சி போட்டுப் பற்றவைத்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்துக்கான வெந்நீர் தயார். தணல் அடங்கிய பிறகும் வெகுநேரம் சூடு நிற்கும். விலை சில ஆயிரங்கள்தான். விறகு மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மட்டையில் இருக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்கவே போய்விடும், புகையும் மிகுதியாக வரும். மழைக்காலத்துக்கு முன் கூரைக்கடியில் ஒரு மாத மட்டையை அடுக்கிவைப்பது நம் பாட்டிமார் செய்ததுதான். இந்தப் பாய்லர் வெட்ட வெளியில் இருக்கட்டும். சமையலறைக்குள் விறகுப் புகையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் யோசனை எதற்கும் நான் உடன்பட மாட்டேன். அதில் மிச்சமாகும் பணம் பின்னால் நுரையீரலுக்குச் செலவாகும்.

கீசரை நிறுத்திய பிறகு 443 என்பது 343 யூனிட்டாகிறது, கட்டணம் 868 ரூபாய். இதுவரை 17,000 ரூபாய் அளவில்தான் செலவழித்திருப்போம், மின்கட்டணம் 2,270-லிருந்து அங்கே வந்து நிற்கிறது.

கையிலுள்ள தொகையில் பெரும்பகுதியை நான் சாண எரிவாயுக் கலனுக்கு ஒதுக்குவேன். இரண்டு கறவை மாடுகள் கட்டுத்தறியிலேயே நின்றால் நாளுக்கு 25 முதல் 35 கிலோ சாணம் தவறாமல் கிடைக்கும்; மேய்ச்சலுக்குப் போய்வரும் மாடுகள் என்றால் அதில் பாதியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். அதிலிருந்து வரும் 1 கன மீட்டர் வாயு, ஏறத்தாழ 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடானது. உங்களுக்கு 14.2 கிலோ 40 நாள் வருகிறது என்றால் நாளுக்கு 0.36 கிலோதான் தேவை. ஆகவே இந்தச் சின்னக் கலனே உங்கள் அடுப்புக்குப் போதுமானது. கார்த்திகை, மார்கழியில் கலனுக்குள் சூடு குறைந்து வாயு சற்றுச் சுணங்கும். விருந்தினர் வந்தாலும் போதாது. அதற்காக ஒரு சிலிண்டர் இருக்கட்டும், ஆண்டுக்கு ஒன்பது வாங்கியவர் ஒன்றோ இரண்டோ வாங்கினால் போதும்.

காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மிதக்கும் டிரம் வகை, தரைக்கு அடியில் செங்கல் கவிகையாக (குவிந்த கூரையாக) கட்டப்படும் தீனபந்து வகை என இரண்டு பழைய மாதிரிகள் உண்டு. முதல் வகையில் இரும்பு டிரம் துருப்பிடிக்கும், ஆண்டுதோறும் வண்ணம் அடிக்க வேண்டும், ஆனால் டிரம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்தே வாயு இருப்பைச் சொல்லிவிடலாம். தீனபந்து 1984-இல் வந்தது. அசையும் பாகமே இல்லை, செலவும் குறைவு. ஆனால் கவிகையின் உட்பூச்சில் முடியளவு விரிசல் இருந்தாலும் வாயு நிற்காது. அதனால் இதுவரை இரண்டு மூன்று கலன்களாவது கட்டிய கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். நல்ல வீடு கட்டுபவர் நல்ல கலன் கட்டுவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1 கன மீட்டர் அளவுக்குக் கூலியும் பொருளும் சேர்த்து 30,000 முதல் 40,000 ரூபாய் ஆகலாம். மத்திய அரசின் உயிரி எரிசக்தித் திட்டத்தில் இதற்கு மானியம் தரப்பட்டு வந்திருக்கிறது; கட்டத் தொடங்கும் முன்பே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கட்டி முடித்துவிட்டுப் போனால் பயனில்லை.

கட்டுவதைவிடப் பேணுவதில்தான் பெரும்பாலான கலன்கள் தோற்றுப்போகின்றன. காலையில் சாணத்தைக் கலவைத் தொட்டியில் போட்டு, சம அளவு நீர் ஊற்றி, கையால் பிசைந்து, வைக்கோல் துண்டையும் கல்லையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்த பிறகே அடைப்பை எடுத்து உள்ளே விட வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். வைக்கோல் உள்ளே போனால் மேலே மிதந்து ஏடு கட்டி வாயுவை அடைத்துவிடும். கொட்டில் கழுவும் பினாயில், சலவைத் தூள் கலந்த நீர் ஒரு வாளி போனாலும் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு அடுப்பு எரியாது. முதல்முறை நிரப்பும்போது ஒரு டன் அளவுக்குச் சாணம் வேண்டியிருக்கும்; அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குங்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கலனின் கழிவுக் கரைசல் நாலைந்து குடம் கிடைத்தால் தயிருக்கு உறை ஊற்றியது போல வேலை செய்யும். முதலில் வரும் வாயு எரியாது, அதில் கரியமில வாயுவே மிகுதி. அதைத் திறந்துவிட்டுவிட வேண்டும். இதைத் தெரியாமல், கட்டிய பத்தாம் நாள் தீக்குச்சி உரசிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோனதாகக் கொத்தனாரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

அடுப்பில் சுடர் விட்டு விட்டுத் துடித்தால் குழாயில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்க ஒரு திருகு வைத்திருந்தால் திறந்து வடித்து மூடிவிடலாம். சாண வாயுவுக்கு அதற்கென உள்ள அடுப்பையே வாங்குங்கள். சிலிண்டர் அடுப்பின் துளை இதற்குச் சிறியது, சுடர் வலுவின்றிக் கிடக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எக்காரணம் கொண்டும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே நிற்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், தூக்கிவிட இறங்குபவரையும் சேர்த்து. வெளியேறும் கரைசல் தென்னைக்கும் கீரைப்பாத்திக்கும் போகட்டும். பச்சைச் சாணத்தைவிட இது பயிருக்கு எளிதில் சேரும், களை விதையும் குறைவு.

இப்போது சோலாருக்கு வருவோம். 1 கிலோவாட் பேனல் நம் பகுதியில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இரு மாதத்துக்கு 240. மேலே சொன்னவற்றைச் செய்து 343-க்கு வந்த வீட்டில் 1 கிலோவாட் வைத்தால் மீதி 103 யூனிட். அதில் 100 இலவசம். கட்டணம் ஏழு ரூபாயாகிவிடும். அதற்குமேல் இரண்டாவது கிலோவாட்டும் மூன்றாவதும் எதைக் குறைக்கப் போகின்றன? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக உச்சவரம்பு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 78,000 என்ற எண்ணைக் காட்டியே எல்லோருக்கும் 3 கிலோவாட்டைப் பரிந்துரைக்கிறார்கள். குளிர்சாதனம் ஓடுகிற, இரு மாதத்துக்கு 900 யூனிட் போகிற நகரத்து வீட்டுக்கு அது சரியான யோசனை, உங்களுக்கு அன்று. மானியம் முன்கூட்டிக் கையில் வராது, பொருத்தி முடித்து நெட் மீட்டர் (வாங்கிய மின்சாரத்திலிருந்து நீங்கள் கம்பிக்கு அனுப்பியதைக் கழித்துக் காட்டும் மீட்டர்) ஏறிய பிறகே வங்கிக் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவிலேயே செய்த பேனல் என்பதும் மானியத்துக்கு நிபந்தனை.

1 கிலோவாட் மானியம் போக 40,000 ரூபாயை ஒட்டி நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 868 ரூபாயிலிருந்து ஏழு ரூபாய்க்கு இறங்குவதால் ஆண்டுக்கு 5,160 ரூபாய் மிச்சம். போட்ட முதல் திரும்பிவர எட்டாண்டுக்குப் பக்கமாகும். பேனல் 25 ஆண்டு உழைக்கும் பொருள் என்பதால் இதுவும் நட்டம் இல்லை. ஆனால் விசிறி இரண்டாண்டுக்குள்ளும் எரிவாயுக் கலன் ஐந்தாறு ஆண்டுக்குள்ளும் திருப்பித் தருவதை வைத்துப் பார்த்தால் வரிசையில் இதன் இடம் கடைசி. கையிருப்பில் மீதமும், மிச்சமாகும் கட்டணமும், வாங்காமல் விட்ட சிலிண்டரின் காசும் சேர்ந்தால் இரண்டாண்டுக்குள் கடனின்றியே வைத்துக்கொள்ளலாம்.

வைக்கும்போது நிழலைப் பாருங்கள். தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு வீட்டில், மாலை மூன்று மணிக்குமேல் உற்பத்தி சரிபாதியாக விழுகிறதென்று என்னைக் கூப்பிட்டார்கள். இன்வெர்ட்டரை இரண்டுமுறை மாற்றிவிட்டிருந்தார்கள். மாடிக்குப் போய் நின்று பார்த்தால், மேற்கே ஒரே ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விரல் விரலாக விழுந்துகொண்டிருந்தது. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் தளர்ச்சி மற்றவற்றையும் இழுத்துவிடுகிறது. மட்டையை வெட்டினோம், மறுநாளே சரியாயிற்று. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலற்ற இடம் போதும். தெற்கு நோக்கி, உங்கள் ஊர் அட்சரேகைக்கேற்ப 10 முதல் 12 டிகிரி சாய்வு. கழுவுவது அதிகாலையில் இருக்கட்டும். உப்பு நீரில் கழுவினால் துணியால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு படிந்துவிடும்.

மின்வாரியத் தொடர்பைத் துண்டிக்கும் யோசனையைக் கைவிடச் சொல்வதற்குக் காரணம் பேட்டரிதான். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் டியூப்ளர் பேட்டரியில் (வீட்டு இன்வெர்ட்டரோடு வைக்கும் ஈய-அமில வகை) பெயரளவில் 1.8 யூனிட், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. தினமும் 0.9 யூனிட் எடுத்து நாலரை ஆண்டு உழைத்தால் மொத்தம் 1,480 யூனிட். பேட்டரியின் விலை 15,000 ரூபாய் என்றால், மின்சாரத்தைச் சேமித்துவைக்க மட்டும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய். லித்தியம் வகை நீண்ட நாள் வரும், முதலீடும் அதற்கேற்ப ஏறும். மின்வாரியத்தின் கம்பியை இரவுக்கான பேட்டரியாக வைத்துக்கொள்வது இதைவிட மலிவு. ஆனால் ஒன்று: நெட் மீட்டரோடு இணைந்த சோலார், மின்தடை வந்ததும் பட்டப்பகலிலும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது, பழுது அன்று. மின்தடைக்கு இப்போதிருக்கும் சிறிய வீட்டு இன்வெர்ட்டரே போதும். விசிறிகளை மாற்றியதால் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.

உடுமலைப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு மாடியில் ஒன்று வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், இறங்கும்; வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சின்னக் காற்றாடி, நொடிக்கு 4 மீட்டர் காற்றில் 17 வாட் அளவுதான் தரும், அதுவும் மரமும் கட்டடமும் கலைக்காத காற்று கிடைத்தால். மோட்டாரையும் டைனமோவையும் பட்டையால் கோத்துவிட்டு இலவச மின்சாரம் என்று காட்டும் காணொளிகளைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. உள்ளே எங்கோ ஒரு கம்பி சுவர்ப் பொருத்திக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே இந்த மாதமே விசிறிகளை மாற்றுங்கள், பாய்லரை வாங்குங்கள். கலனுக்கான குழியை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வெட்டத் தொடங்காதீர்கள். ஊற்று நீர் ஏறிக் கொத்தனாருக்கு இறைப்பதே வேலையாகிவிடும். மாசியில் வெட்டிப் பங்குனியில் பூச்சு முடித்து நிரப்பினால் சித்திரை வெயிலில் கலன் சூடேறி, வைகாசிக்குள் அடுப்பில் நீலச் சுடர் நிலையாக நிற்கும்.